கூடும் குதிரும் கூலமும்: தமிழ்க் குடும்பங்களின் ஆண்டுச் சேமிப்பு வரலாறு

முன்னுரை

நெல் ஆண்டில் ஓரிரு பருவங்களில் விளைகிறது. பசி பன்னிரண்டு மாதமும் உண்டு. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட காலத்தை ஒரு குடும்பம் எவ்வாறு கடந்தது என்பது உணவு வரலாற்றின் அடிப்படை வினாக்களுள் ஒன்று. தமிழர் உணவு பற்றிய பேச்சு பெரும்பாலும் உழவையும் சமையலையும் விருந்தோம்பலையும் சுற்றியே அமைகிறது. களத்திலிருந்து அடுப்புக்குச் செல்லும் வழியில் தானியம் தங்கியிருந்த இடமும், அதனைக் காத்தவரும், அதனை அளந்து கொடுக்கும் உரிமை பெற்றிருந்தவரும் அப்பேச்சில் ஓரமாகவே நிற்கின்றனர்.

ஓர் ஆண்டுக்கு வேண்டிய நெல், சிறுதானியம், பயறு, பருப்பு, புளி, மிளகாய், உப்பு முதலிய உலர்பொருள்களை அவை மலிவாகக் கிடைக்கும் பருவத்தில் மொத்தமாகச் சேர்த்தோ வாங்கியோ வீட்டில் வைத்துக்கொள்ளும் வழக்கம் இக்கட்டுரையில் 'ஆண்டுச் சேமிப்பு' எனக் குறிக்கப்படுகிறது. இலக்கியம், கல்வெட்டு, பழமொழி, சொற்பொருள் மாற்றம், அரசுச் சட்டம் ஆகிய சான்றுகளின் வழி இவ்வழக்கத்தின் வரலாற்றை ஆராய்வது கட்டுரையின் நோக்கமாகும். ஆண்டுச் சேமிப்பைச் சிக்கனத்தின் அடையாளமாக மட்டும் காண்பது பொருந்தாது. அது நிலவுடைமை, கடன், இல்லத்தில் பெண் பெற்றிருந்த அதிகாரம் ஆகிய மூன்றோடும் பிணைந்த ஒரு சமூக ஏற்பாடு என்பது இங்கு முன்வைக்கப்படும் கருத்தாகும்.

சங்கப் பனுவல்களில் நிறைந்த மனையும் வெறுமனையும்

பத்துப்பாட்டுள் ஆற்றுப்படை நூல்கள் சேமிப்பு பற்றிய தெளிவான சான்றுகளைத் தருகின்றன. பாணன் செல்லும் வழியில் எந்த நிலத்தில் எந்த உணவு கிடைக்கும் என்று கூறுவது அந்நூல்களின் பொருளாதலின், ஒவ்வொரு நிலத்து மக்களின் இருப்பும் அவற்றில் பேசப்படுகிறது. கடியலூர் உருத்திரங்கண்ணனாரின் பெரும்பாணாற்றுப்படை முல்லை நிலத்துச் சிற்றூர்களின் முற்றங்களில் நிற்கும் குதிர்களைப் பெண் யானைகளின் கூட்டத்திற்கு ஒப்பிடுகிறது. வரகு திரிக்கும் திரிகைகள் களிற்றின் கால்களைப் போன்றிருந்ததாகவும் கூறுகிறது. உவமை வெறும் அழகுக்காக அமைந்ததன்று. குதிரின் பருத்த வடிவம், மண் பூச்சின் நிறம், ஒரு முற்றத்தில் பல குதிர்கள் நின்ற நிலை ஆகிய மூன்றையும் அது ஒருங்கே பதிவு செய்கிறது.

அந்நூலே மருத நிலத்து உழவர் மனைகளைப் பற்றிக் கூறும்போது, ஏணி எட்டாத உயரமும், மேற்புறத்தைத் திறந்து உட்சொரிந்த பழைய நெல்லும் உடையனவாகக் கூடுகளை வருணிக்கிறது. இங்கு இரண்டு செய்திகள் கவனத்திற்குரியன. முதலாவது, முல்லையின் வரகுக்குக் குதிரும் மருதத்தின் நெல்லுக்குக் கூடும் எனச் சேமக்கலங்கள் நிலத்திற்கேற்ப வேறுபட்டுக் காட்டப்படுகின்றன. இரண்டாவது, கூட்டில் இருந்த நெல் பழைய நெல் எனப் புகழப்படுகிறது. ஓராண்டு நெல் தீருமுன் அடுத்த ஆண்டு நெல் வந்து சேரும் நிலையே செல்வத்தின் அளவுகோலாகக் கொள்ளப்பட்டது என்பது இதனால் பெறப்படும். பழைய அரிசி சமைக்கும்போது மிகுதியாகப் பெருகும் என்னும் பட்டறிவும் இம்மதிப்புக்குக் காரணமாயிருந்திருக்கலாம்.

நிறைந்த கூட்டின் மறுபக்கத்தைச் சிறுபாணாற்றுப்படை காட்டுகிறது. பாணனின் மனைவி குப்பையில் முளைத்த கீரையைக் கிள்ளி, உப்பும் இன்றி வேகவைத்து, பிறர் காணாதவாறு கதவடைத்துச் சுற்றத்தோடு உண்ணுகிறாள். உப்பும் இல்லை என்னும் குறிப்பு இன்றியமையாதது. அகநானூற்றின் 140ஆம் பாடலில் உமணர் மகள் நெல்லுக்கு நேராக உப்பை மாற்றித் தருவதாகக் கூவி விற்கிறாள். நெல் இருந்தால்தான் உப்பு வாங்க இயலும். ஆகவே மனையிலிருந்த தானியம் உணவாக மட்டுமன்றி, பிற பண்டங்களை வாங்கும் செலவாணியாகவும் இயங்கியது. கூடு வெறுமையானால் உலையில் இட அரிசி இல்லாமற்போவதோடு, சந்தையில் நுழையும் தகுதியும் அக்குடும்பத்திற்கு அற்றுப்போகும்.

இச்செலவாணியைக் கையாண்டவர் யார் என்னும் வினாவுக்குப் புறநானூற்றின் 33ஆம் பாடல் விடை தருகிறது. வேட்டுவன் மான் தசையை வட்டியில் கொண்டுவருகிறான். ஆய்மகள் தயிரைத் தசும்பில் கொண்டுவருகிறாள். அவ்வட்டியும் தசும்பும் நிறையுமாறு வெண்ணெல்லை முகந்து கொடுப்பவர்கள் உழவர்தம் பெருமனைகளிலுள்ள பெண்கள். கோவூர் கிழார் இதனை நலங்கிள்ளியின் நாட்டு வளமாகவே பாடுகிறார். எனினும், விலை பேசி அளந்து கொடுக்கும் செயல் மனையுறை மகளிர் கையில் இருந்தது என்னும் உண்மை அவ்வளத்தின் ஊடே பதிவாகியுள்ளது.

பெண்ணின் இவ்வதிகாரத்தை மேலும் தெளிவாக்குவது 'குறியெதிர்ப்பை' என்னும் சொல். அளவு குறித்து வாங்கி, அதே அளவில் திருப்பிக் கொடுக்கும் கைம்மாற்று என்பது அதன் பொருள். புறநானூற்றின் 163ஆம் பாடலில் பெருஞ்சித்திரனார் குமணனிடம் பெற்றுவந்த வளத்தை மனைவியிடம் ஒப்படைக்கும்போது, சுற்றத்தின் கடும்பசி தீர முன்னர்க் குறியெதிர்ப்பை தந்தோர்க்கும் கொடுக்குமாறு வேண்டுகிறார். தன்னைக் கேட்க வேண்டியதில்லை என்றும், எதிர்காலத்திற்கென்று சேர்த்து வைக்க எண்ண வேண்டியதில்லை என்றும் கூறுகிறார். இப்பாடல் புலவரின் கொடை மனத்திற்கு எடுத்துக்காட்டாகவே பெரிதும் படிக்கப்பட்டு வந்துள்ளது. சேமிப்பின் வரலாற்று நோக்கில் அணுகினால் வேறொரு செய்தி புலப்படும். கடன் வாங்கியவளும் அதனைத் திருப்புபவளும் எதைச் சேர்ப்பது, எதைக் கொடுப்பது என்று வழக்கமாக முடிவு செய்பவளும் மனைவியே. சேர்த்து வைக்க எண்ணாதே என்று அவளிடம் சொல்ல வேண்டியிருந்தமையே, சேர்த்து வைத்தல் அவளது இயல்பான பொறுப்பாக இருந்தமைக்குச் சான்றாகிறது.

குறியெதிர்ப்பையும் கிடைக்காத நிலையை 333ஆம் புறப்பாட்டு காட்டுகிறது. விருந்தினர் வந்தபோது வீட்டில் தானியம் இல்லை; கைம்மாற்றும் கிட்டவில்லை; விதைக்கென வைத்திருந்த தினைக் கதிரை உரலிலிட்டுக் குற்றுகிறாள் இல்லத்தலைவி. விருந்தோம்பலின் உச்சமாகப் போற்றப்படும் இச்செயல், அடுத்த பருவத்தின் விளைச்சலை இன்றைய உணவாக மாற்றிவிடும் செயலுமாகும். சேமிப்பின் கடைசி எல்லை விதை. அதனைத் தொட்டபின் மீள்வது அரிது. திருக்குறள் (221) வறியவர்க்கு ஈவதே ஈகை, ஏனையவை குறியெதிர்ப்பை நீர்மையன என்று வேறுபடுத்தியமை, அயலகத்தாரிடையே தானியக் கைம்மாற்று எவ்வளவு பரவலாக வழங்கியது என்பதையும் உணர்த்துகிறது.

கூல வீதியும் கூலவாணிகனும்

தானியத்தை விளைவிக்காத நகர மக்கள் அதனை வாங்கியே சேர்க்க வேண்டியிருந்தது. சிலப்பதிகாரத்தின் ஊர்காண் காதையில் மதுரையின் கூல வீதி இடம்பெறுகிறது. நிறைகோல் உடையவர்களும் அம்பணம் என்னும் அளவைக் கலம் கொண்டவர்களும் மிளகு மூடைகளுக்கும் கூலக் குவியல்களுக்கும் இடையே திரிவதாக இளங்கோவடிகள் காட்டுகிறார். நிறுத்தும் அளந்தும் விற்கும் இருவகை முறைகளும் ஒரே வீதியில் நிலவியமை, அது மொத்த வணிகம் நிகழ்ந்த இடம் என்பதை உய்த்துணர வைக்கிறது. கூலத்தின் வகைகளை உரையாசிரியர்கள் வெவ்வேறு எண்ணிக்கையில் தொகுப்பர். எண்ணிக்கை எதுவாயினும், தானியங்கள் ஒரு தொகுதியாக எண்ணப்பட்டு ஒரு பெயரால் வழங்கப்பட்டமையே வணிகத்தின் முதிர்ச்சியைக் காட்டும்.

மணிமேகலையின் ஆசிரியராகப் போற்றப்படும் சாத்தனாரைப் பதிகம் கூலவாணிகன் என்று குறிக்கிறது. தானியத்தை வாங்கி விற்றவர் என்று மரபு கருதும் ஒருவரின் காப்பியம், சேமிப்பே தேவைப்படாத ஒரு கலத்தைத் தன் நடுப்பொருளாகக் கொண்டிருப்பது சிந்தனைக்குரியது. அமுதசுரபி எடுக்க எடுக்கக் குறையாதது. ஆனால் காப்பியம் அக்கலத்தின் எல்லையையும் கூறுகிறது. பாண்டிய நாட்டில் பன்னிரண்டு ஆண்டு வற்கடம் நீங்கி மழை பெய்தபின் ஆபுத்திரனிடம் உணவு கேட்பார் எவருமில்லை. கலம் பயனற்றதாக, அவன் அதனைக் கோமுகிப் பொய்கையில் விட்டு உயிர் துறக்கிறான். உணவின் மதிப்பு அதன் அளவில் இல்லை, அது தேவைப்படும் காலத்தில் இருக்கிறது என்பதை ஒரு கூலவாணிகன் நன்கறிவான். மலிந்த காலத்தில் வாங்கி அரிய காலத்தில் வழங்குவது வணிகனின் தொழில்; அதே செயலை விலையின்றிச் செய்வது காப்பியத்தின் அறம்.

இறையனார் களவியல் உரையின் தொடக்கக் கதையும் இங்கு நினைக்கத்தக்கது. பன்னிரண்டு ஆண்டுப் பஞ்சத்தில் பாண்டியன் தன்னால் புரக்க இயலாத புலவர்களை வேற்று நாடுகளுக்குச் செல்லுமாறு விடுத்தான் என்றும், மழை பெய்து அவர்களை மீண்டும் அழைத்தபோது பொருளதிகாரம் வல்லாரைக் காணவில்லை என்றும் அவ்வுரை கூறுகிறது. கதையின் வரலாற்று உண்மை எவ்வாறாயினும், அரசின் களஞ்சியமும் வற்றக்கூடியது என்னும் நினைவு தமிழ் இலக்கண மரபின் தோற்றக் கதையிலேயே பதிந்துள்ளது.

கொட்டாரமும் கோயிலும்

அரசு தானியம் சேர்த்து வைத்தல் இந்தியா முழுவதும் அறியப்பட்ட பழைய ஏற்பாடாகும். கௌடிலியரின் அர்த்தசாத்திரம் கோட்டாகாரத்தில் சேரும் பொருளில் ஒரு பாதியை நாட்டு மக்களுக்கு நேரும் இடுக்கண் காலத்திற்கென ஒதுக்கி, மறு பாதியைப் பயன்படுத்த வேண்டும் என்றும், பழையதைப் புதியதால் மாற்றி வர வேண்டும் என்றும் விதிக்கிறது. உத்தரப்பிரதேசத்துச் சோகௌராவில் கிடைத்த பழைய செப்பேடு இரண்டு பண்டகசாலைகளைக் குறிப்பிடுகிறது. 'கோஷ்டாகாரம்' என்னும் அவ்வடசொல்லே தமிழில் கொட்டகாரம், கொட்டாரம் எனத் திரிந்து வழங்கிற்று.

தமிழகத்தில் இப்பணியின் பெரும்பகுதியைக் கோயில்கள் மேற்கொண்டன. திருவரங்கம் கோயிலின் உருளை வடிவச் செங்கற் களஞ்சியங்களும், பாபநாசத்தை அடுத்த திருப்பாலைத்துறையில் நாயக்கர் காலத்தில் எழுந்த நெற்களஞ்சியமும் இன்றும் காணத்தக்கவை. தஞ்சைப் பெரிய கோயிலில் நெல் அளந்த மரக்கால் இறைவன் பெயரால் ஆடவல்லான் என வழங்கியது. கலம் ஒன்றுக்கு 12 மரக்கால், மரக்கால் ஒன்றுக்கு 8 நாழி, ஆகக் கலம் ஒன்றுக்கு 96 நாழி என்னும் வாய்பாடு, கோயிலின் கொட்டாரம் முதல் குடிசையின் அடுக்குப்பானை வரை ஒரே அளவை மரபைப் பரப்பியது.

கோயிற் சேமிப்பு ஊர்மக்களுக்குப் பயன்பட்ட முறை பெரும்பாலும் கடன் வழியாகும். 11ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஆலங்குடி ஊரார் காலம் பொல்லாததாகிய நிலையில் உணவுக்கும் பயிர்ச்செலவுக்கும் வழியின்றிக் கோயிற் பண்டாரத்திலிருந்த பொன்னையும் வெள்ளியையும் கடனாகப் பெற்ற செய்தி கல்வெட்டால் தெரியவருகிறது. பண்டாரம் ஊரைக் காத்தது. காத்த பண்டாரத்திற்கு ஊர் கடன்பட்டது. சங்கப் பாடலில் அயலகத்தாரிடையே நிகழ்ந்த குறியெதிர்ப்பை இங்கு நிறுவனத்தின் பொலிசைக் கடனாக வளர்ந்துள்ளது. அளந்த அளவிலேயே திருப்புவது குறியெதிர்ப்பை. அளந்ததற்கு மேல் திருப்புவது பொலிசை. இவ்வேறுபாட்டுக்குள் சமூகத்தின் மாற்றம் அடங்கியுள்ளது.

குதிரின் அமைப்பும் ஆண்டின் சுழற்சியும்

அண்மைக் காலம் வரை கிராமப்புறங்களில் வழங்கிய சேமக்கலங்கள் அவ்வந்நிலத்தின் மண், மரம், பயிர் ஆகியவற்றுக்கேற்ப அமைந்தன. காவிரிப் படுகையில் பலகைகளாலான பத்தாயம் வழங்கிற்று. கேரளத்திலும் அப்பெயரும் பொருளும் உண்டு. கரிசல் நிலத்தில் கம்பும் சோளமும் குலுக்கைகளில் கொட்டி வைக்கப்பட்டன. மூங்கிற் பிளாச்சால் முடைந்து மண்ணும் சாணமும் பூசிய தொம்பை, வைக்கோற் பிரியைச் சுற்றி எழுப்பிய சேர், விதை நெல்லை வைக்கோலால் பொதிந்து சாணத்தால் மெழுகிய கோட்டை எனப் பிறவும் இருந்தன. கோட்டை என்பது தென்மாவட்டங்களில் நெல்லின் அளவைப் பெயராகவும் வழங்கியமை, கலமும் அளவும் ஒன்றாகிய நிலையைக் காட்டும்.

மண் குதிரின் அமைப்பு நுட்பமானது. சுட்ட அல்லது உலர்த்திய மண் உறைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, இணைப்புகளை மண்ணால் பூசி மூடுவர். நெல்லை மேல்வாயில் சொரிவர். எடுப்பது அடிப்பகுதியிலுள்ள சிறு துளையின் வழியாக. ஆதலின் முதலில் இட்டது முதலில் வெளிவரும். பழையதைப் புதியதால் மாற்ற வேண்டும் என்று அர்த்தசாத்திரம் விதியாகக் கூறியதைக் குதிர் தன் அமைப்பினாலேயே நிறைவேற்றியது.

உலர்பொருள்களைச் சேர்க்கும் பணி ஒரே நாளில் முடிவதன்று. தை அறுவடையில் நெல்லும், மாசியையொட்டித் துவரையும், பங்குனியில் புளியும், நெல்லறுத்த வயலில் விளைந்த உளுந்தும் பயறும் சித்திரைக்குள்ளும் வந்து சேரும். மிளகாய் வற்றலும் கோடையிலேயே வாங்கப்படும். சித்திரை வெயில் எல்லாவற்றையும் உலர்த்தும். நிலமுடையோர் தாமே விளைவித்ததை வைத்தனர். ஏனையோர் சந்தையிலும் வண்டிகளில் கொண்டுவந்தோரிடமும் மொத்தமாக வாங்கினர். விலை குறைந்த பருவமும் வெயில் மிகுந்த பருவமும் ஒன்றாக அமைந்தமை இவ்வழக்கம் நிலைத்ததற்கு முதற்காரணம் எனலாம்.

காக்கும் முறைகளும் பொருளுக்கேற்ப வேறுபட்டன. கொட்டை நீக்கிய புளி உப்பிட்டுச் சாடியிலோ பானையிலோ அழுத்தி வைக்கப்பட்டது. துவரை செம்மண் கட்டிக் காயவைக்கப்பட்டது. விதைப் பயறுகளில் சாம்பல் கலக்கப்பட்டது. தானியத்தின் இடையே வேப்பிலையும் நொச்சி இலையும், பருப்பில் காய்ந்த மிளகாயும் வசம்பும் இடப்பட்டன. ஈரம் போகாத தானியமே புழுப்பதற்கும் பூசணம் பிடிப்பதற்கும் இடமளிக்கும் என்பதால், கடித்துப் பார்த்து உலர்ச்சி அறிதல், அமாவாசை தோறும் வெயிலில் பரப்புதல் போன்ற பழக்கங்கள் பெண்களிடையே வழிவழியாகக் கற்பிக்கப்பட்டன. ஏட்டில் எழுதப்படாத இவ்வறிவே ஆண்டுச் சேமிப்பின் மூலதனமாகும்.

சேமிப்பின் பட்டியலும் மாறாததன்று. 16ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியர் வழி அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த மிளகாய், மிளகின் பெயரையே தன் பெயராக்கிக்கொண்டு ஏழைகளின் அடுப்புக்கும் எட்டியது. தஞ்சைக் கல்வெட்டு மரபின் மிளகும், பிற்கால வீடுகளின் மிளகாய் மூட்டையும் ஒரே தேவையின் இரு காலங்கள்.

குதிரின் உருவத்தையும் அதன் சமூகப் பொருளையும் ஒருங்கே காட்டும் சான்று, 'எங்கப்பன் குதிருக்குள் இல்லை' என்னும் பழமொழி. கடன் கேட்க வந்தவனிடம், ஒளிந்திருக்கும் தந்தையைக் காட்டிக்கொடுத்துவிடும் சிறுவனின் பேதைமையாக இது சொல்லப்படுகிறது. குதிர் ஓர் ஆள் ஒளியுமளவு பெரியது என்பது இதன் வெளிப்படையான செய்தி. ஆள் ஒளிய வேண்டுமானால் குதிர் வெறுமையாக இருக்க வேண்டும் என்பது உள்ளுறைந்த செய்தி. நெல் இருக்க வேண்டிய இடத்தில் கடனாளி இருக்கிறான். ஆண்டுச் சேமிப்பு தோற்ற வீட்டின் நிலையை இதனினும் சுருக்கமாகக் கூறுதல் அரிது.

குதிரே இல்லாத வீடுகளும் இருந்தன. நாள்தோறும் படி நெல் கூலியாகப் பெற்றதனால் 'படியாள்' எனப் பெயர் பெற்ற நிலமற்ற உழைப்பாளிகளுக்குச் சேர்த்து வைக்கும் அளவு எதுவும் எஞ்சியதில்லை. பிறர் குதிரை நிரப்பியவர்கள் அவர்கள். ஆடி, ஆவணி மாதங்களில் அதே குதிரிலிருந்து கடனாக வாங்கியவர்களும் அவர்களே. 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் ஒரு குடிசைக்குள் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்ட கொடுமைக்குப் பின்னணியில் நெற்கூலி உயர்வுக் கோரிக்கை இருந்ததை நினைவுகூர்ந்தால், படியின் அளவு வெறும் அளவைச் செய்தியன்று என்பது விளங்கும்.

தாது வருடப் பஞ்சம்

1876 முதல் 1878 வரை தென்னிந்தியாவைத் தாக்கிய பஞ்சம் தமிழ் மக்கள் நினைவில் தாது வருடப் பஞ்சமாக நிலைத்துள்ளது. மழை பொய்த்தது முதற்காரணமாயினும், வீட்டுச் சேமிப்பின் நலிவும் அதன் கொடுமையைப் பெருக்கியது. வரியைப் பணமாகச் செலுத்த வேண்டியிருந்ததால் அறுவடை முடிந்தவுடன் தானியத்தை விற்கும் கட்டாயம் உழவர்க்கு ஏற்பட்டது. 1856இல் சென்னை இராயபுரத்திலிருந்து தொடங்கிய இருப்புப்பாதை தானியத்தைத் தொலைவிலுள்ள சந்தைகளுக்கு எளிதில் கொண்டு சென்றது. பஞ்சக் காலத்தில் அதே பாதை தானியத்தைக் கொண்டுவந்தும் சேர்த்தது; ஆனால் வாங்கும் ஆற்றல் இழந்தவர்க்கு அதனால் பயன் விளையவில்லை. குதிரில் நெல் உள்ளவன் விலை ஏறினும் உண்பான். சந்தையை நம்பியவன் விலையோடு போராட வேண்டும்.

நிவாரணப் பணிகளில் ஈடுபட்டோர்க்கு 1877இல் ரிச்சர்டு டெம்பிள் வகுத்த கூலி, வளர்ந்த ஆண் ஒருவனுக்கு நாள் ஒன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓர் அணாவும் ஆகும். ஏறத்தாழ 450 கிராம் தானியத்தில் உடலுழைப்பாளி உயிர் வாழ முடியாது எனச் சென்னை மாகாணச் சுகாதார ஆணையர் கார்னிஷ் எதிர்த்து வாதிட்டார். தென்னிந்தியா முழுமையிலும் இப்பஞ்சத்தில் மாண்டோர் 50 இலட்சத்திற்கும் மேற்பட்டோர் என வரலாற்றாசிரியர் மதிப்பிடுவர்.

இப்பஞ்சத்தை இலக்கியமாக்கிய நூல்களுள் வில்லியப்ப பிள்ளையின் பஞ்சலட்சணத் திருமுகவிலாசம் (1899) குறிப்பிடத்தக்கது. பஞ்சத்தில் வாடும் மக்களுக்கு உதவுமாறு மதுரைச் சொக்கநாதரே சிவகங்கைச் சமீன்தாருக்குத் திருமுகம் எழுதுவதாக அமைந்த அங்கத நூல் அது. கோயிற் பண்டாரம் ஊரைக் காத்த சோழர் காலத்தோடு ஒப்பிட்டால், இறைவனே பிறரிடம் உதவி கேட்கும் இக்கற்பனை, பழைய காப்பு ஏற்பாடுகள் அற்றுப்போனதன் கசப்பான பதிவாகக் கொள்ளத்தக்கது.

சேமிப்பும் பதுக்கலும்

இரண்டாம் உலகப் போரில் 1942இல் பர்மா சப்பானியர் வசமானதும் சென்னை மாகாணத்துக்கு வந்துகொண்டிருந்த பர்மா அரிசி நின்றது. 1943இல் வங்கம் பெரும் பஞ்சத்தில் வீழ்ந்தது. அவ்வாண்டில் இந்திய அரசு அமைத்த உணவுதானியக் கொள்கைக் குழு பெரிய நகரங்களில் பங்கீட்டு முறையைப் பரிந்துரைத்தது. சென்னை நகரிலும் பங்கீடு நடைமுறைக்கு வந்தது.

இக்காலத்தில் ஒரு சொல் புதுப்பொருள் பெற்றுப் பரவியது. அது 'பதுக்கல்'. சங்கப் பாடல்களில் 'பதுக்கை' என்பது பாலை வழியில் ஆறலை கள்வரால் கொல்லப்பட்டோர் உடலை மூடிய கற்குவியலைக் குறிக்கும். அதே அடியிலிருந்து பிறந்த பதுக்கல், பிறர்க்குச் சேர வேண்டிய உணவை மறைத்து வைக்கும் குற்றத்தைக் குறிக்கலாயிற்று. பெருமைக்குரிய செயலாக இருந்த தானியச் சேர்ப்பு, பற்றாக்குறைக் காலத்தில் ஐயத்திற்குரியதாக மாறியது. குடும்பத்தின் ஆண்டுத் தேவைக்கு வைத்த மூட்டையும், விலையேற்றத்திற்காக வணிகன் ஒளித்த மூட்டையும் புறத்தோற்றத்தில் வேறல்ல. எது சேமிப்பு, எது பதுக்கல் என்பதைப் பொருளின் அளவும் நோக்கமும் தீர்மானிக்க, அவ்வளவை வரையறுக்கும் அதிகாரம் அரசிடம் சென்றது. 1952இல் இராசாசி அரிசிக் கட்டுப்பாட்டை நீக்கினார். 1955இன் இன்றியமையாப் பண்டங்கள் சட்டம் இருப்பு வரம்பு விதிக்கும் அதிகாரத்தை அரசுக்கு நிலைப்படுத்தியது. 2020இல் அவ்வதிகாரத்தைச் சுருக்கிய திருத்தச் சட்டம், வேளாண் சட்டங்களுக்கு எதிரான உழவர் போராட்டத்திற்குப் பின் 2021இல் நீக்கப்பட்டது.

1965 சனவரி 14 அன்று இந்திய உணவுக் கழகம் தன் முதல் மாவட்ட அலுவலகத்தைத் தஞ்சாவூரில் தொடங்கியது. ஏணி எட்டாக் கூடுகள் நின்ற மருத நிலத்தில் நாட்டின் பொதுக் களஞ்சியம் தொடங்கியது வரலாற்றுப் பொருத்தமுடையது. அதையடுத்து ஏ.டி.டி. 27 போன்ற குறுகிய கால நெல் வகைகள் பரவின. மழைக்காலத்தை ஒட்டி அறுவடையாகும் குறுவை நெல்லின் ஈரம் குதிருக்கு ஏற்றதன்று. களத்திலிருந்தே கொள்முதல் நிலையத்திற்கு நெல்லை அனுப்புவது எளிதாயிற்று. 1967இல் ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்னும் வாக்குறுதி தேர்தலின் மையமாகி, சென்னையிலும் கோவையிலும் ரூபாய்க்கு ஒரு படியாக நடைமுறைக்கு வந்தது. 1972இல் தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகம் தோன்றியது. குதிரின் இடத்தைக் குடும்ப அட்டை பெற்றது. தலைமுறைகளாகக் குதிரே காணாத வீடுகளுக்கும் மாதந்தோறும் அரிசி கிடைக்கலாயிற்று. வீட்டுச் சேமிப்பின் மறைவை இழப்பாக மட்டும் எழுதுவோர் இவ்வுண்மையை மறத்தலாகாது.

எனினும் மாதத்திற்கு ஒருமுறை வாங்கும் வாழ்வு தடையற்ற வழங்கலை நம்பியே நடைபெறுவது. 2020 மார்ச்சு 25 முதல் நாடு முழுவதும் முடக்கம் நடைமுறைக்கு வந்தபோது, பல வீடுகள் மீண்டும் மூட்டைகளை நாடின. 2022 சூலை 18 முதல் 25 கிலோ வரையிலான பொதிந்த அரிசிக்குச் சரக்கு, சேவை வரி விதிக்கப்பட்டபோது, 26 கிலோ மூட்டைகள் கடைகளுக்கு வந்தன. மொத்தமாக வாங்க இயன்றவர் வரியிலிருந்து தப்ப, சிறுகச் சிறுக வாங்குவோர் அதனைச் செலுத்தும் நிலை ஏற்பட்டது. மலிவு காலத்தில் சேர்க்க இயலாதவரே மிகுந்த விலை கொடுப்பர் என்னும் பழைய நியதி புதிய வடிவில் மீண்டது.

முடிவுரை

மேற்கண்ட ஆய்விலிருந்து சில முடிவுகள் பெறப்படுகின்றன. தமிழ்க் குடும்பங்களின் ஆண்டுச் சேமிப்பு, உணவைக் காப்பதோடு பிற பண்டங்களை வாங்கும் ஆற்றலையும் காத்தது. அதனை அளந்து, உலர்த்தி, கைம்மாற்றாகக் கொடுத்து, விதையைத் தொடும் நேரத்தையும் முடிவு செய்தவர்கள் பெண்கள். அச்சேமிப்பு நிலமுடையோர்க்குக் காப்பாகவும் நிலமற்றோர்க்குக் கடனாகவும் இயங்கியது. குறியெதிர்ப்பை, பொலிசை, பதுக்கல், பங்கீடு என்னும் சொற்கள் தானியத்தின் மீதான உரிமை அயலகத்தாரிடமிருந்து கோயிலுக்கும், அங்கிருந்து சந்தைக்கும் அரசுக்கும் மாறிய படிநிலைகளைக் காட்டுகின்றன.

குதிர், குலுக்கை, தொம்பை, சேர், பத்தாயம் ஆகியவற்றைக் கட்டவும் காக்கவும் அறிந்தோர் இப்போது முதுமையில் உள்ளனர். அவற்றின் உறுப்புகளுக்கும், உலர்ச்சியின் நிலைகளுக்கும், அளவைகளின் வட்டார வேறுபாடுகளுக்கும் உரிய சொற்களை மாவட்டந்தோறும் தொகுக்கும் பணி விரைந்து மேற்கொள்ளத்தக்கது. அச்சொற்கள் மறைந்தால், பெண் யானைக் கூட்டம்போல் குதிர்கள் நின்ற முற்றத்தைப் பனுவலில் படிக்கும் மாணவர்க்கு உவமை மட்டுமே எஞ்சும். உவமைக்குரிய பொருள் எஞ்சாது.